‘ஜெயன்ட்’: போர் யார் வீட்டுக்கு வந்தது? (கடிதம்)

அன்புள்ள அண்ணா,

‘ஜெயன்ட்’ என்ற பழைய ஹாலிவுட் படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அதைப் பார்த்தேன். மூன்று மணி நேரம் இருபது நிமிடம், ஒரே மூச்சில். குடும்பத்தில் மூன்று தலைமுறை, மாட்டுப் பண்ணை, எண்ணெய்க் கிணறு, உலகப் போர் எல்லாம் இருக்கிறது என்று சொல்லியிருந்தீர்கள். போர் எங்கே அண்ணா? ஒரு குண்டுகூட வெடிக்கவில்லையே, செலவுக்குப் பயந்து ஒதுங்கிவிட்டார்களா? அப்புறம், எண்ணெயில் பணக்காரனாகிவிட்ட ஜெட் ரிங்கைக் கடைசியில் ஏன் அப்படிக் கேவலப்படுத்துகிறார்கள்? கூலிக்கு இருந்தவன் மேலே வந்தால் பொறுக்காதா? எங்கள் பர்கூர் பக்கம் கிரானைட்டில் சம்பாதித்தவர்களைப் பழைய நிலக்காரர்கள் பேசுகிற பேச்சும் இதேதான். எங்கள் வீட்டிலேயே தாத்தா வைத்த மாந்தோப்பில் பெரியப்பா தன் பங்கைக் குவாரிக்கு விட்டுவிட்டார், அப்பா விடமாட்டேன் என்கிறார், இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை.

(பெயர் போட வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

முதலில் போர். இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் போருக்குப் பயந்து ஒதுங்குகிற ஆள் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் படப்பிடிப்புக் குழு ஒன்றுக்குத் தலைவராக ஐரோப்பா போனவர். 1944இல் நார்மண்டியில் படைகள் இறங்கியதையும், 1945இல் டாக்காவ் வதைமுகாமுக்குள் குவிந்து கிடந்த உடல்களையும் அவர் குழு படம் பிடித்தது. அவர் தொகுத்துக் கொடுத்த காட்சிகள் நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பெர்க் விசாரணையில் சாட்சியமாகத் திரையிடப்பட்டன. போருக்கு முன்னால் நகைச்சுவைப் படங்களில் பேர் வாங்கியவர், திரும்பி வந்த பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இத்தனையும் கண்ணால் பார்த்த ஆள் 1956இல் வந்த இந்தப் படத்தில் போர்க்களத்தைக் காட்டாமல் விடுகிறார் என்றால், அந்தப் போரில் யார் வீட்டுப் பிள்ளை செத்தான் என்பதை நாம் கவனிக்க வேண்டும் என்றுதான்.

அந்த ரயில் நிலையக் காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். வசனம் கிடையாது. ரயில் வந்து போகிறது, கொடி போர்த்திய பெட்டி ஒன்று இறங்கியிருக்கிறது. உள்ளே இருப்பவன் ஏஞ்சல், பண்ணையில் வேலை செய்யும் மெக்சிகக் குடும்பத்துப் பையன். அவன் கைக்குழந்தையாக நோயில் கிடந்தபோது, புதிதாகக் கல்யாணமாகி வந்த லெஸ்லி பண்ணையாட்களின் குடியிருப்புக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முதலாளி வீட்டு டாக்டரையே அங்கே கூட்டிப்போகிறாள். அவர் நம்முடைய டாக்டர், அந்த ஜனங்களைப் பார்ப்பதில்லை என்று அவள் கணவன், பண்ணை முதலாளி பிக் பெனடிக்ட் தடுக்கிறான். அப்படிப் பிழைக்கவைத்த குழந்தை வளர்ந்து, முதலாளியின் நாட்டுக்காகச் செத்துப் பெட்டியில் வருகிறது. முதலாளி வீட்டு மாப்பிள்ளையும் போருக்குப் போகிறான், ஆனால் உயிரோடு திரும்பிவிடுகிறான்.

அதே போரில்தான் பெனடிக்ட் குடும்பத்துக்கு எண்ணெய்ப் பணம் வருகிறது. அதுவரை நிலத்தைத் துளைக்கவே விடாத பிக், நாட்டுக்கு இப்போது எண்ணெய் வேண்டும் என்று ஜெட் வந்து பேசியதும் சம்மதிக்கிறான். பிள்ளைகள் பண்ணையை எடுத்து நடத்தப்போவதில்லை என்பது தெரிந்த சோர்வும் அதில் இருக்கிறது. அடுத்து பார்த்தால் வீட்டில் நீச்சல் குளம், அதைச் சுற்றி உட்கார்ந்து ஆண்கள் எண்ணெய்க் கிணற்றுக்குக் கிடைக்கும் வரிச்சலுகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கதைக்காகச் சேர்த்த விஷயமில்லை இது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி எண்ணெய் வருமானத்தில் 27.5 சதவீதத்துக்கு உண்மையிலேயே வரி கிடையாது. போர் ஒரு வீட்டுக்குப் பணமாகவும் இன்னொரு வீட்டுக்குப் பிணமாகவும் வருகிறது. எனக்கு இந்தப் படத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

சரி, ஜெட். பிக்கின் அக்கா லூஸ் அவனுக்கு எழுதிவைத்துப்போன துண்டு நிலத்தைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கப் பார்க்கிறார்கள், அவன் மாட்டேன் என்கிறான். பிறகு அந்த நிலத்தைத் தன் காலாலேயே அளக்கிறானே, ஒவ்வொரு எட்டையும் நீட்டி நீட்டி வைத்து, கடைசியில் காற்றாலையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு! நிலமில்லாதவன் கைக்கு முதன்முதலாக நிலம் வருவதை இவ்வளவு மரியாதையாகக் காட்டிய காட்சி சினிமாவில் அபூர்வம். லெஸ்லியின் காலடி பதிந்த சேற்றில் எண்ணெய் கசியும் இடமும் அப்படித்தான். அவன் மேலே வந்தது இயக்குநருக்குத் தப்பாகவே படவில்லை. பழைய பணக்காரர்களையும் அவர் தூக்கிப் பிடிக்கவில்லை, டெக்சாஸே மெக்சிகோவிடமிருந்து பறித்த நிலம்தானே என்று லெஸ்லி ஆரம்பத்திலேயே பிக்கின் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுகிறாள். ஜெட் விழுகிற இடம் அவன் கட்டிய ஹோட்டல். பெனடிக்ட் வீட்டு மருமகள் ஹுவானா அங்கே அழகு நிலையத்துக்குப் போகிறாள், மெக்சிகப் பெண் என்பதால் முடியாது என்கிறார்கள். கீழே இருந்து வந்தவன் கட்டிய கட்டடத்திலும் அந்தக் கதவு மூடியே இருக்கிறது.

டீக்கடையில் இரட்டை டம்ளரைப் பார்த்து வளர்ந்த நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கடைசி உணவகச் சண்டையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு ஏழை மெக்சிகக் குடும்பத்தைக் கடைக்காரன் வெளியே தள்ளுகிறான், பிக் எழுந்து தடுக்கிறான், ஜூக்பாக்ஸில் பாட்டு அலறுகிறது, அடியும் வாங்குகிறான். தோற்றுவிடுகிறான் என்பதும், அவனை எழவைத்தது நியாய உணர்ச்சியைவிடப் பேரனின் முகம் என்பதும் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தன் ரத்தத்தில் அந்த நிறம் கலந்த பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது.

குறைகளும் உண்டு. வயதான வேஷங்கள் ஒட்டவில்லை. ஜெட்டாக நடித்த ஜேம்ஸ் டீன், படம் வெளிவரும் முன்பே, 1955 செப்டம்பரில், 24 வயதில் கார் விபத்தில் போய்விட்டதால் ஜெட் குடித்துவிட்டு உளறும் அந்த விருந்துக் காட்சியில் சில வரிகளுக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். அதெல்லாம் பரவாயில்லை. என்னால் மன்னிக்க முடியாத குறை, ஏஞ்சலை நாம் கிட்டத்தில் அறியவே விடவில்லை என்பது. பெட்டியில் வருகிறவன் இரண்டு நல்ல காட்சியில் பேசியிருந்தால் படம் இன்னும் எவ்வளவோ உயரம் போயிருக்கும்.

உங்கள் கடிதத்திலும் அந்த இடம் காலியாக இருக்கிறது தம்பி. தாத்தா இருக்கிறார், அப்பாவும் பெரியப்பாவும் இருக்கிறார்கள், குவாரிக்காரர் இருக்கிறார். அந்த மாஞ்செடிகளுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றியவர்கள், சீசனில் பெங்களூரா காய் பறித்தவர்கள், ராத்திரிக் காவல் இருந்தவர்கள் யார்? பெரியப்பாவின் பங்கு குவாரிக்குப் போனபோது அவர்கள் கைக்கு ஏதாவது வந்ததா, இப்போது எங்கே இருக்கிறார்கள்? அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்