மாணவர் மன்றத்துக்குப் பல்கலைக்கழக அங்கீகாரம் தேவையா?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு மன்றம் தொடங்கியிருக்கிறோம். கூட்டங்கள் நன்றாகவே நடக்கின்றன. அதிகாரப்பூர்வ அங்கீகாரம் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வாங்கிவிடுங்கள். மாணவனாக மன்றம் நடத்தியிருக்கிறேன். இப்போது ஆசிரியராக ஒரு மன்றத்துக்கு ஆலோசகராகவும் இருக்கிறேன். தொடங்கியவர்கள் படிக்கும்வரை அங்கீகாரம் இல்லாதது பெரிய குறையாகத் தெரியாது. அவர்கள் பட்டம் வாங்கிப் போன அடுத்த ஆண்டுதான் சிக்கல் ஆரம்பிக்கும்.

அரங்கு கேட்கும் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மன்றத்தின் பெயர், ஆலோசகர் கையொப்பம் என்று அதில் இடம் விட்டிருப்பார்கள். உங்கள் முகம் தெரிந்த அலுவலர் இத்தனை நாள் அதைக் கண்டுகொள்ளாமல் சாவியைக் கொடுத்திருக்கலாம். உங்கள் ஜூனியர்களை அவருக்குத் தெரியாது. பணமும் அப்படித்தான். சந்தா ஒருவருடைய சொந்தக் கணக்கில் கிடக்கும். அவர் ஊருக்குப் போனபின் எவ்வளவு மிச்சம், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்ல ஆளிருக்காது. அங்கீகாரம் இருந்தால் மன்றம் ஆட்களின் பெயரில் இல்லாமல் தன் பெயரிலேயே நிற்கும்.

விண்ணப்பத்தில் பெரும்பாலும் கேட்பவை உறுப்பினர் பட்டியல், பொறுப்பாளர்கள், ஆலோசகர், விதிமுறைகள். முதல் மூன்றும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். விதிமுறையைத்தான் பலர் வேறொரு மன்றத்திடம் வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தேர்தல் எந்த மாதம், கணக்கையும் கடவுச்சொற்களையும் யார் யாரிடம் ஒப்படைப்பது, செலவுக்கு எத்தனை பேர் கையொப்பம், ஒரு பொறுப்பாளரை நீக்குவது எப்படி என்று நீங்களே உட்கார்ந்து பேசி எழுதுங்கள். தேர்தலை ஆண்டுக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். தேர்வு நெருங்கிவிட்டால் யாரும் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள்.

சரி, நிர்வாகம் மறுத்தால்? நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஆனாலும் அமெரிக்காவின் ஒரு வழக்கை ஆலோசகர்கள் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பேன். சென்ட்ரல் கனெக்டிகட் மாநிலக் கல்லூரியில் ஒரு மாணவர் அமைப்புக்குக் கல்லூரித் தலைவர் அங்கீகாரம் மறுத்தார். வளாகத்துக் காபிக் கடையில் அவர்கள் கூடியபோது, அங்கீகாரம் இல்லாதவர்கள் இங்கே கூடக் கூடாது என்று நிர்வாகத்தின் கடிதம் வந்து சேர்ந்தது. ஹீலி எதிர் ஜேம்ஸ் என்ற அந்த வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம், அமைப்பின் கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக மறுக்க முடியாது, மறுப்புக்குத் தகுந்த காரணம் காட்டுவது கல்லூரியின் பொறுப்பு என்றது. அதே தீர்ப்பு, வளாகத்தின் நியாயமான விதிகளுக்குக் கட்டுப்படுவோம் என்று மன்றத்திடம் உறுதி கேட்கக் கல்லூரிக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. இரண்டும் சேர்ந்ததுதான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் எங்கே படித்தாலும் இந்த அடிப்படையில் பேசலாம்.

அதனால் விண்ணப்பத்தைக் கொடுக்கும்போதே நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். "முடியாது" என்று வாயால் சொன்னால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பணிவாகக் கேட்டாலே போதும். விதி எதுவும் இல்லாத இடத்தில் பெரும்பாலும் கோப்பு நகர ஆரம்பித்துவிடும்.