வாசலில் நிற்கும் கேரவனுக்கு வீட்டு கரண்ட் போதுமா?

கேள்வி: கேரவனாக மாற்றிய டிராவலர் வேன் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். உள்ளே விளக்கு, ஃபேனுக்கென்று 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு, ஒரு டன் ஏசி, சின்ன ஃபிரிட்ஜ். வருடத்தில் நான்கைந்து முறைதான் வெளியூர் போகிறோம். மற்ற நாளெல்லாம் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. சும்மா நின்றே பேட்டரி இறங்கிவிடுகிறது. போர்டிகோவில் உள்ள 5 ஆம்ப் பிளக்கில் வேனைச் செருகினால், மோட்டாரோ கீசரோ ஓடும்போது எம்.சி.பி. டிரிப் ஆகிறது. த்ரீ ஃபேஸ் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஜெனரேட்டர் வையுங்கள் என்கிறார் வேனை விற்றவர். வேறு வழி இல்லையா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இருக்கிறது அம்மா. த்ரீ ஃபேஸுக்கும் ஜெனரேட்டருக்கும் இப்போதைக்குப் பணம் போட வேண்டாம்.

நாம் 5 ஆம்ப் என்று சொல்லும் சின்ன பிளக்கில் இப்போது 6 ஆம்பியர் என்றுதான் போட்டிருக்கும். 230 வோல்ட்டில் அது சுமார் 1,380 வாட் தாங்கும். 20 ஆம்பியர் பேட்டரி சார்ஜர் முழு வேகத்தில் ஓடினாலும் சுவரிலிருந்து இழுப்பது ஏறக்குறைய 340 வாட். அதாவது ஒன்றரை ஆம்பியர், ஒரு மிக்ஸி அளவுகூட இல்லை. எம்.சி.பி.யைத் தட்டிவிடுவது பேட்டரி இல்லை. வேனைச் செருகியதும் சார்ஜரோடு சேர்ந்து ஏசியும் ஃபிரிட்ஜும் ஓட ஆரம்பிக்கின்றன. ஒரு டன் ஏசிக்கே 1,000 முதல் 1,200 வாட் ஆகும், கம்ப்ரெஸர் கிளம்பும் நொடியில் இன்னும் பல மடங்கு. அதே லைனில் கீசரும் மோட்டாரும் இருந்தால் எந்த எம்.சி.பி.தான் தாங்கும்?

இதை நீங்களே பார்த்துவிடலாம். வீட்டு மெயினில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வேனுக்குள் ஏசி, ஃபிரிட்ஜ் சுவிட்சையும் அணைத்து, சார்ஜர் மட்டும் ஓடட்டும். ஈபி மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை என்பதை மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். 3,200 என்று இருந்து, ஒரு நிமிடத்தில் 18 முறை மின்னினால் 18 × 60 ÷ 3,200. மணிக்கு 0.34 யூனிட், அதாவது 340 வாட். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வேன்காரரிடம் பேசுங்கள்.

பேட்டரிக்கு வேண்டியது நேரம். இரண்டு பேட்டரியும் பாதி இறங்கியிருந்தால் 100 ஆம்பியர்-ஹவர் திரும்ப ஏற வேண்டும். 20 ஆம்பியர் சார்ஜர் முதல் நான்கைந்து மணி நேரத்தில் பெரும்பகுதியை ஏற்றிவிடும். கடைசி இருபது சதவீதம் மட்டும், விளிம்பு வரை வந்த குடத்தில் சொம்பால் ஊற்றுவதுபோல, மெதுவாகத்தான் ஏறும். ஈய பேட்டரியின் குணம் அது. 60 ஆம்பியர் சார்ஜர் வாங்கினாலும் அந்தக் கடைசிப் பகுதி பெரிதாக வேகம் எடுக்காது. கீசர், மோட்டார் வேலையெல்லாம் முடிந்த பிறகு ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் ஏறக்குறைய நிரம்பியிருக்கும். செலவு இரண்டு யூனிட்டுக்குள்தான்.

சும்மா நின்றே இறங்குவதற்கும் காரணம் இருக்கிறது. ஜிபிஎஸ், ஸ்டீரியோ, கேஸ் அலாரம் எல்லாம் சேர்ந்து 0.2 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர்-ஹவர். இருபது நாளில் உங்கள் பேட்டரி பாதி காலி. நெகட்டிவ் டெர்மினலில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிடுங்கள். வேறு எதையும் வாங்கும் முன் இதை வாங்கச் சொல்வேன். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அந்த பேட்டரி பழைய நிலைக்குத் திரும்பாது. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழுசு, 12.2 என்றால் பாதி. சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

சார்ஜர் வாங்கும்போது இரண்டு விஷயத்தை விடாதீர்கள். நிரம்பியதும் தானாக 13.6 வோல்ட் அளவுக்கு இறங்கி நிற்கும் ஃப்ளோட் வசதி ஒன்று. பேட்டரியோடு ஒட்டும் வெப்ப சென்சார் மற்றொன்று. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஃப்ளோட் வோல்டேஜை 18 மில்லிவோல்ட் அளவு குறைக்க வேண்டும். சித்திரை வெயிலில் மூடி நிற்கும் வேனுக்குள் 45 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில் 13.6-லேயே வைத்திருந்தால் தண்ணீர் வற்றி, பேட்டரி சீக்கிரம் போய்விடும். அப்புறம், சார்ஜர் லேபிளில் உள்ளே வாங்கும் வோல்டேஜையும் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய மாடல்கள் லோ வோல்டேஜில் சுணங்கிவிடும். 170 அல்லது 180 வோல்ட்டிலிருந்து வேலை செய்யும் என்று போட்டிருப்பதாக வாங்குங்கள்.

ஒயர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஜங்ஷன் பாக்ஸோடு வரும் மெல்லிய ஒயர் வேண்டாம். மூன்று கம்பி, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், முழுக்க விரித்துப் போட்டு. சுருட்டிய நிலையில் ஓட்டினால் சூடேறும். வேன் முழுக்க இரும்பு, மழையில் கீழே தண்ணீர் நிற்கும். அந்த பிளக்குக்கு, கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் ஒழுங்கான எர்த்தும் இல்லாமல் தயவுசெய்து செருகாதீர்கள். கடல் காற்றில் டெர்மினல் பச்சை பூக்கும், சுத்தம் செய்து வாசலைன் தடவினால் போதும்.

ஐப்பசி பிறந்ததும் பேட்டரியை நிரப்பியே வைத்திருங்கள். 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு கடலூர்க்காரர்கள் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சலும் நம் பக்கம்தான் கரையேறியது. நிரம்பிய உங்கள் இரண்டு பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலே, ஒரு 12 வோல்ட் ஃபேனும் இரண்டு எல்.இ.டி. விளக்கும் சுமார் இருபது மணி நேரம் ஓடும்.

கேள்வி: எங்கள் வேனில் ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போட்டோம். அதே சார்ஜரில் எப்போதும் போட்டு வைக்கலாமா?
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம். வேன்களில் போடுவது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். அதை எப்போதும் நூறு சதவீதத்தில் வைத்திருந்தால், அதுவும் நம் ஊர்ச் சூட்டில், ஆயுள் குறையும். பாதிக்குச் சற்று மேல் ஏற்றி, கட்-ஆஃப் சுவிட்சை அணைத்துவிட்டால் மாதக்கணக்கில் சும்மா இருக்கும். ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய சார்ஜரில் ஈக்வலைஸ், டீசல்ஃபேஷன் (சல்பேட்டை நீக்குவது) என்று 15 வோல்ட்டைத் தாண்டும் மோட் இருந்தால் அது லித்தியத்துக்கு ஆகாது; லித்தியம் மோட் உள்ள சார்ஜர் வாங்குங்கள். வேன் ஓடும்போது, இன்ஜினோடு சுற்றி கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக ஏறுகிறதா என்றும் பாருங்கள். நடுவில் கரண்டை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெட்டுப்போகலாம்.

கேள்வி: புதுச்சேரிக் கடையில் வாங்கிய பேட்டரி 14 மாதத்தில் போய்விட்டது. வாரண்டி 36 மாதம். "சரியாக சார்ஜ் போடவில்லை, எங்கள் பொறுப்பு இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். புதுச்சேரிக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்குக் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அதற்கு முன், பேட்டரியைச் சோதித்த அறிக்கையை எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வொரு செல்லின் கிராவிட்டி (ஆசிட்டின் அடர்த்தி), வோல்டேஜ், லோடு டெஸ்ட் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தர மறுத்தால் அந்த மறுப்பையே குறிப்பிட்டுக் கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவிடுங்கள். பில், தேதியிட்ட வாரண்டி கார்டு, பேட்டரி மேல் உள்ள சீரியல் எண்ணின் போட்டோ மூன்றும் கையில் இருக்கட்டும். தீர்வு வரும்வரை பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். உங்களிடம் உள்ள சாட்சியே அதுதான்.