மூலக்கூறைப் பார்த்துப் புற்றுநோயைச் சொல்லுமா கணினி? வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

ஒரு இரசாயனம் புற்றுநோயைத் தருமா என்பதை அதன் மூலக்கூறு அமைப்பை மட்டும் வைத்துக் கணினியில் கணிப்பது என் வேலை. ஊர் கிளிநொச்சி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

உயர்தரம் படிக்கும் தங்கச்சி, கிளிநொச்சி: அண்ணா, கணினிக்கு மூலக்கூறு எப்படித் தெரியும்? படம் கீறிக் காட்டுவீர்களா?

கீறியும் காட்டலாம். பெரும்பாலும் எழுத்து வரிசையாகத்தான் கொடுப்போம். அந்த எழுத்துமுறைக்கு ஸ்மைல்ஸ் என்று பெயர். எத்தனோல் அதில் வெறும் ‘சிசிஓ’: இரண்டு காபன், ஒரு ஒட்சிசன். ஐதரசனைக் கணினியே நிரப்பிக்கொள்ளும்.

அப்புறம் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அனுபவசாலிகள் எழுதிவைத்த விதிகள். மூலக்கூறுக்குள் அரோமற்றிக் அமைன், நைத்திரோசமைன், எப்பொக்சைட்டு மாதிரித் துண்டு, அதாவது வில்லங்கமான அணுக்கூட்டம், கண்ணில் பட்டால் எச்சரிக்கும். 1980களில் ஜோன் ஆஷ்பி என்ற நச்சியல் ஆய்வாளர் சந்தேகத்துக்குரிய துண்டுகளை எல்லாம் ஒன்றாக ஒட்டி, உலகத்தில் இல்லாத ஒரு மூலக்கூறைக் கீறிக் காட்டினார். இன்றைய மென்பொருட்களில் உள்ள விதிகள் பலவற்றுக்கு அந்தப் படம் தாத்தா முறை. மற்ற வழி, ஏற்கெனவே சோதித்த சேர்வைகளைக் கொடுத்துவிட்டுக் கணினியையே படிக்கவிடுவது. எனக்கு முதல் வழியில்தான் பிடிப்பு. விதி என்றால் ஏன் அப்படிச் சொன்னது என்று கேட்டுச் சண்டை பிடிக்கலாம்.

கச்சான் செய்கிற அக்கா, விசுவமடு: பூஞ்சணம் பிடித்த கச்சானில் புற்றுநோய் நஞ்சு இருக்கிறதாம். அதைக் கணினி பிடிக்குமா?

நீங்கள் சொல்வது அஃப்லாரொக்சின், அக்கா. அதில் பல வகை உண்டு. பி1, பி2 இரண்டையும் மட்டும் எடுப்போம். பி2இல் ஐதரசன் அணு இரண்டு கூட, அவ்வளவுதான் வித்தியாசம். படங்களைப் பக்கத்தில் வைத்தால் சட்டென்று பிடிபடாது. பி1இன் ஓர வளையத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு இருக்கிறது, பி2இல் அது இல்லை. நம்முடைய ஈரல் நஞ்சை வெளியேற்றுகிறேன் என்று வெளிக்கிட்டு, அந்தப் பிணைப்பில் ஒட்சிசனைப் பூட்டிவிடும். மூன்று அணு வளையம் ஒன்று உருவாகும், அதுதான் எப்பொக்சைட்டு. அது நேரே டிஎன்ஏயின் நான்கு ‘எழுத்து’களில் ஒன்றான குவானீனில் போய் ஒட்டிக்கொள்ளும். ஈரல் புற்றுநோயின் தொடக்கம் அங்கே. பி2 இவ்வளவு தூரம் வராது, அதன் வீரியம் மிகக் குறைவு.

கவனியுங்கள்: கச்சானில் எப்பொக்சைட்டு இல்லை, அது உங்கள் உடம்புக்குள் உருவாவது. ஆகவே ஈரல் என்ன செய்யும் என்பதையும் மென்பொருள் ஊகிக்க வேண்டும். நல்ல மென்பொருட்கள் பி1ஐப் பிடித்துவிடும். ஆனால் உங்கள் சாக்கில் அது இருக்கிறதா என்று எந்தக் கணினியும் சொல்லாது, அதற்கு ஆய்வுகூடம்தான். நன்றாகக் காயவிடுங்கள். சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி எறியுங்கள். வறுத்தால் முழுதாகப் போகாது. மாட்டுக்குப் போட்டால் பாலில் வேறு உருவத்தில் வரும்.

நெல் செய்கிற ஐயா, வவுனியா வடக்கு: களைநாசினிப் போத்தலில் உள்ள பெயரைப் போட்டுக் கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லுமா?

சொல்லும் ஐயா. அதை நம்பி முகம் மூடாமல் மருந்தடிக்கப் போய்விடாதீர்கள். கிளைபோசேற்றை எடுங்கள். அதன் அமைப்பில் வழமையான எச்சரிக்கைத் துண்டு எதுவும் இல்லை. ஆனாலும் 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை ‘அனேகமாகப் புற்றுநோய் தரலாம்’ என்ற 2ஏ தொகுதியில் போட்டது. அதே ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அப்படி வர வாய்ப்பில்லை என்றது. நம் நாட்டில் அந்த ஆண்டு வந்த தடைக்குக் காரணம் சிறுநீரக நோய்ப் பயம், அது வேறு கதை. இன்னொன்று, கணினி பார்ப்பது ஒரு மூலக்கூறை. போத்தலில் ஒட்டுவதற்கும் கரைப்பதற்கும் கலந்த மற்றவை அதற்குத் தெரியாது. நீங்கள் எத்தனை ராங்கி அடித்தீர்கள் என்பதும் தெரியாது.

முல்லைத்தீவு, பெயர் வேண்டாம்: மேலே சொன்ன ‘சிசிஓ’வுக்குக் கணினி என்ன சொல்லும்? பின்னேரத்தில் கொஞ்சம் தேவைப்படுகிறது.

பேசாமல் இருக்கும். விதிகளில் அதற்கு எச்சரிக்கை இல்லை. ஆனால் மதுபானம் அதே முகவரகத்தின் முதலாம் தொகுதியில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற இடத்தில் இருக்கிறது. உடம்பு எத்தனோலை அசற்றல்டிகைட்டு ஆக்குகிறது, வில்லங்கம் அதில்தான். கள்ளும் இதற்குள் அடக்கம். என் மென்பொருளைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

முல்லைத்தீவுக்காரரே மறுபடி: புகையிலை இல்லாமல் வெற்றிலை பாக்குப் போட்டால்?

பாக்கே முதலாம் தொகுதி. இதற்குக் கணினி வேண்டியதில்லை.

மீள்குடியேற்ற வீட்டுக்காரர், புதுக்குடியிருப்பு: அஸ்பெஸ்ரஸ் கூரையைப் பற்றி?

இங்கே எங்கள் முறை செல்லாது. கெடுதல் செய்வது நாரின் வடிவமும் உடம்பில் கரையாமல் கிடக்கிற தன்மையும். எழுத்து வரிசையில் அது வராது. சீற்றைக் காய்ந்தபடி வாளால் அறுக்க வேண்டாம், உடைக்கவும் வேண்டாம்.

பல்கலைக்கழக மாணவர், வவுனியா: துல்லியம் எவ்வளவு? இனி எலிகளே தேவையில்லையா?

இரண்டு வேறு கேள்விகளைப் பிரித்துப் பாருங்கள் தம்பி. மரபணுவைச் சேதமாக்குமா என்பது ஒன்று. அதற்கு 1970களிலிருந்து ஏம்ஸ் பக்ரீறியாச் சோதனை இருக்கிறது, பக்ரீறியாவின் மரபணு மாறுகிறதா என்று பார்ப்பது. முடிவு சில நாட்களில் வரும், தரவும் ஏராளம். அதனால் கணிப்பும் நன்றாக வரும். மருந்துகளில் உள்ள மாசுகளுக்கு 2014இன் எம்7 என்ற சர்வதேச வழிகாட்டி கணினிக் கணிப்பையே ஏற்கிறது. ஆனால் விதி வழி ஒன்று, தரவிலிருந்து கணினியே படிக்கிற புள்ளிவிவர வழி ஒன்று என இரண்டும் வேண்டும்.

புற்றுநோய் வருமா என்பது மற்றது. எலிகளுக்கு இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்க்கிற சோதனை அது, தரவும் குறைவு. 2000–2001இல் நடந்த கணிப்புப் போட்டி ஒன்றில் சுமார் 400 சேர்வைகளை வைத்து மாதிரிகள் செய்தார்கள். பெரும்பாலானவை குருட்டு ஊகத்தைத் தாண்டவில்லை. மரபணுவைத் தொடாமல் ஓமோன் வழியாகவோ இடைவிடாத அழற்சியாலோ புற்றுநோய் தருபவை இன்றைக்கும் வலைக்குள் விழாமல் தப்புகின்றன. எதை முதலில் சோதிப்பது என்று வரிசைப்படுத்தக் கணினி நல்லது. ‘பாதுகாப்பானது’ என்று முத்திரை குத்த நான் அதைப் பாவிக்கமாட்டேன்.

பழக வேண்டுமென்றால் டொக்ஸ்ரீ, வேகா என்ற மென்பொருட்கள் இரண்டும் இலவசம். 2-நப்தைலமைனையும் 1-நப்தைலமைனையும் போட்டுப் பாருங்கள். இரண்டும் அரோமற்றிக் அமைன், அமைன் பூட்டிய இடம் மட்டும்தான் வேறு. முதலாவது மனிதருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தருவது உறுதி. இரண்டாவதற்குப் போதிய சான்று இல்லை, அது மேலே சொன்ன முகவரகத்தின் மூன்றாம் தொகுதியில் கிடக்கிறது. அரோமற்றிக் அமைன் என்ற ஒரே விதியை வைத்தால் இரண்டுக்கும் எச்சரிக்கை வரும். அந்த விதியை எப்படித் திருத்தலாம் என்று யோசித்து எழுதுங்கள், அதிலிருந்து தொடருவோம்.