1.3 மார்க்அப்பில் போக்கர் பங்கு வாங்கலாமா?

கேள்வி: எனக்குத் தெரிந்த ஒருவர் போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறார். 1,000 டாலர் கட்டணத்தில் 12 டோர்னமென்ட்கள், 8 ரீ-என்ட்ரிகள் (தோற்று வெளியேறினால் மறுபடி கட்டணம் கட்டி உள்ளே நுழைவது) என்று 20,000 டாலருக்கு ஒரு பேக்கேஜ் போட்டு, அதில் 80 சதவீதத்தை 1.3 மார்க்அப்பில், அதாவது உள்ள விலையைப் போல 1.3 மடங்குக்கு, விற்கிறார். பங்கு வாங்கியவருக்கு அவர் ஜெயிக்கும் பரிசில் அதே சதவீதம் வரும். 10 சதவீதப் பங்குக்கு என்னிடம் 2,600 டாலர் கேட்கிறார்கள். நடுவில் இருக்கும் ஏஜென்ட், எனக்கு வரும் பரிசுப் பணத்தில் 10 சதவீதம் எடுத்துக்கொள்வாராம். கடந்த 100 டோர்னமென்ட்களில் 40 சதவீதம் லாபம் பார்த்ததாக ஆட்டக்காரர் சொல்கிறார். மொத்தம் 3 லட்சம் டாலர் ஜெயித்ததாக இணையத்திலும் இருக்கிறது. இது நியாயமான பேரமா?

பதில்: இந்த நிபந்தனைகளில் வாங்காதீர்கள். அவர் சொல்லும் 40 சதவீதம் முழு உண்மையாகவே இருந்தாலும் உங்களுக்கு நஷ்டம்தான்.

100 டாலர் மதிப்புள்ள பங்கை 130 டாலருக்கு விற்கிறார். கூடுதலாக வாங்கும் 30 டாலர், அவருடைய திறமைக்கு நீங்கள் முன்கூட்டியே கொடுக்கும் விலை. ஆகவே அவர் 30 சதவீதம் லாபம் எடுத்தால்தான் உங்கள் முதலே திரும்பும். வருகிற பரிசில் ஏஜென்ட் 10 சதவீதம் கழித்துவிட்டால், அந்த 30 சதவீதம் 44 ஆக ஏறிவிடும். அவரே சொல்வது 40.

ஏஜென்ட் விஷயத்தைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். 'பரிசில் 10 சதவீதம்' என்பதும் 'லாபத்தில் 10 சதவீதம்' என்பதும் வேறு வேறு. ஆட்டக்காரருக்கு அபாரமான சீசன் அமைந்து, 20,000 டாலர் போட்டு 32,000 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 3,200, லாபம் 600. லாபத்தில் 10 சதவீதம் என்றால் ஏஜென்டுக்கு 60 டாலர். பரிசில் 10 சதவீதம் என்றால் 320. ஒரு டாலர்கூடப் போடாதவர் உங்கள் லாபத்தில் பாதிக்கு மேல் கொண்டு போகிறார். ஆட்டக்காரர் தோற்றால் ஏஜென்டுக்கு எந்த நஷ்டமும் இல்லை. இப்படிப்பட்ட ஏஜென்ட்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். விற்பது மட்டும்தான் அவர்கள் வேலை, யார் எப்படி ஆடுகிறார் என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 80 சதவீதத்தை 1.3க்கு விற்றால் ஆட்டக்காரர் கையில் 20,800 டாலர் சேரும். மொத்தச் செலவே 20,000தான். உட்காரும் முன்பே 800 டாலர் மிச்சம், 20 சதவீதப் பங்கும் இலவசம். தன் பணம் ஒரு டாலர்கூட ஆபத்தில் இல்லாதவர் கடைசி நாள் வரை கவனமாக ஆடுவார் என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், ஆடாத ரீ-என்ட்ரி. யாரும் கேட்காத கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 8 ரீ-என்ட்ரிகளில் 3தான் தேவைப்பட்டன என்று வையுங்கள். 5,000 டாலர் செலவாகவில்லை. உங்கள் பங்காக 500 டாலர் திருப்பித் தருவார்கள், நீங்களும் அவரை நேர்மையான ஆள் என்று நினைப்பீர்கள். ஆனால் அந்த 500க்கு நீங்கள் கொடுத்தது 650. ஆடாத ஆட்டத்துக்கான மார்க்அப் 150 டாலர் அவரிடமே தங்கிவிட்டது. கடைசியில் 1,500 டாலர் ஆட்டத்துக்கு நீங்கள் 2,100 டாலர் கொடுத்திருக்கிறீர்கள். 1.3 என்று பேசிய மார்க்அப் சத்தமில்லாமல் 1.4 ஆகிவிட்டது. ஆடாத ஒவ்வொரு என்ட்ரிக்கும் மார்க்அப்போடு சேர்த்துப் பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். உடல்நலமில்லை, பயணம் ரத்து என்று ஒரு டோர்னமென்டையே தவறவிட்டாலும் இதே விதிதான்.

3 லட்சம் டாலர் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். ஹெண்டன் மாப் போன்ற தளங்கள் வாங்கிய பரிசைத்தான் கூட்டிக் காட்டுகின்றன. கட்டிய கட்டணமோ, தோற்ற ஆட்டங்களோ, ரீ-என்ட்ரிகளோ அதில் வராது. 4 லட்சம் செலவழித்து 3 லட்சம் எடுத்தவரும் அங்கே பெரிய ஆட்டக்காரராகத் தெரிவார். இத்தனை ஆண்டுகளாகியும் இந்தத் துறை மொத்தப் பரிசை வைத்தே ஆளை எடைபோடுகிறது. பங்கு வாங்குபவர்கள் தொடர்ந்து ஏமாற இதுவே பாதிக் காரணம்.

100 டோர்னமென்ட் கணக்கும் போதாது. டோர்னமென்டில் பெரும்பாலும் 15 சதவீதம் பேருக்குத்தான் பரிசு, பெரிய பணமெல்லாம் முதல் சில இடங்களில். ஒரே ஒரு முதலிடம் 100 ஆட்டங்களின் கணக்கையே புரட்டிவிடும். 40 என்று தெரிபவரின் உண்மையான லாபம் மைனஸ் 10 ஆகவும் இருக்கலாம், 90 ஆகவும் இருக்கலாம். கட்டணம், ரேக் (டோர்னமென்ட் நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் பங்கு), ரீ-என்ட்ரி எல்லாம் சேர்த்த முழுப் பட்டியலைக் கேளுங்கள். தராவிட்டால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். 2006இல் உலக போக்கர் தொடரின் மெயின் ஈவென்டில் ஜேமி கோல்ட் 1.2 கோடி டாலர் ஜெயித்தார். அதில் பாதி தனக்குத் தருவதாக வாய்மொழி ஒப்பந்தம் இருந்தது என்று கிறிஸ்பின் லெய்சர் வழக்குப் போட்டார். அது 2007இல் சமரசத்தில் முடிந்தது. காசினோ பணம் கொடுப்பது ஆட்டக்காரருக்கு மட்டும்தான், உங்களை அதற்குத் தெரியாது. அமெரிக்காவில் ஆடுகிறார் என்றால், பரிசு யார் யாருக்குப் பிரிகிறது என்று காட்ட 5754 என்ற வரிப் படிவம் இருக்கிறது. அதை நிரப்புவாரா என்று இப்போதே கேளுங்கள். கடைசி மேசையில் பரிசைப் பிரித்துக்கொள்ள உடன்பட்டால், கையில் வந்த தொகையில்தான் உங்கள் பங்கு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, எந்த விலைக்கு வாங்கலாம்? மார்க்அப் 1.1, ஏஜென்ட் கமிஷன் ஆட்டக்காரர் பணத்தில், ஆடாத என்ட்ரிக்கு மார்க்அப்போடு பணம். இதற்கு ஒப்புக்கொண்டால் யோசிக்கலாம். உண்மையான லாபம் 20 சதவீதம் என்றால், 2,200 டாலர் போட்டு சராசரியாக 200 டாலர் எதிர்பார்க்கலாம். அதுவும் சராசரிதான். 12 டோர்னமென்ட்களில் நஷ்டத்தோடு முடிவதற்கே வாய்ப்பு அதிகம் என்பதால், மொத்தமும் போனாலும் பரவாயில்லை என்ற பணத்தை மட்டும் போடுங்கள். இந்த நிபந்தனைகளை ஏஜென்ட் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள், ஆட்டக்காரரிடமே பேசி அவர் கைப்பட எழுதி வாங்குங்கள்.