சிகரங்களுக்குப் பிறகு மழைக்காடு

கேள்வி: திருமணத்துக்கு முன் உத்தரகாசியில் மலையேற்றப் பயிற்சி பெற்று, இமயமலைப் பயணக் குழுக்களைப் பல ஆண்டுகள் வழிநடத்தினேன். இப்போது பொள்ளாச்சியில் வசிக்கிறேன். மகளுக்கு ஆறு வயது. வால்பாறைப் பகுதியில் சிதைந்துபோன மழைக்காட்டை மீட்கும் பணியில் சேர விரும்புகிறேன். “சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு காடு எதற்கு?” என்கிறார் மாமியார். ஊர்சுற்றும் ஆசைக்குத்தான் சேவை என்று பெயர் வைக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. மகளையும் உடன் அழைத்துச் செல்லலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பொள்ளாச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன். ஊர்சுற்றும் ஆசை உள்ளே இருப்பதால் ஒருவர் செய்யும் பணி பொய்யாகிவிடாது. காட்டுக்காக வாழ்நாளைக் கொடுத்தவர்களில் சிலர், தொலைதூரம் போக வேண்டும் என்ற வேட்கையோடுதான் முதலில் வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள். பெரிதாக எதுவும் நிகழாத நாள்களிலும் ஒரே இடத்துக்குப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போக உங்களால் முடியுமா என்பதையே நீங்கள் உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு சிகரத்தை அடைந்தோமா இல்லையா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். மழைக்காட்டில் செய்த வேலை பலித்ததா என்பது உங்கள் மகள் வளர்ந்து பெரியவளான பிறகுதான் தெரியும்.

ஒராங்ஊத்தான் என்னும் பெரிய வாலில்லாக் குரங்குகளை ஆராய்ந்த பிருட்டே கால்டிகாஸின் வாழ்க்கையை உங்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1971இல், தமது 25ஆம் வயதில், கணவர் ராட் பிரிண்டமோருடன் இந்தோனேசியப் போர்னியோவின் தஞ்சுங் புத்திங் காட்டுக்குள் ஒராங்ஊத்தான்களை ஆராய அவர் சென்றார். சதுப்பும் அட்டையும் காய்ச்சலும் நிறைந்த அந்தக் காட்டில் சில ஆண்டுகள் தங்கி, கிடைத்த தகவல்களோடு ஊர் திரும்பியிருந்தால், அது ஒரு துணிச்சலான பயணமாக மட்டும் நின்றிருக்கும். ஆனால் ஒராங்ஊத்தான் தாய்க்கு ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை காலமும் முதல் குட்டி தாயோடு கூடவே திரிந்து, எந்தப் பழம் எங்கே எப்போது பழுக்கும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. ஒரு தாய் ஒரு பிள்ளையை வளர்த்து முடிப்பதைக் காண்பதற்கே ஆராய்ச்சியாளர் அவ்வளவு காலம் அங்கே இருந்தாக வேண்டும். ஒரு தாய் கொல்லப்பட்டால் அந்த இழப்பை அந்தக் காடு எளிதில் ஈடுசெய்ய முடியாது என்பதும் இதனால்தான் விளங்குகிறது. வீடுகளில் வளர்ப்பதற்காகப் பிடிக்கப்பட்ட குட்டிகளை மீட்டுக் காட்டுக்குத் திருப்புவது, மரவெட்டிகளையும் பின்னாளில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களையும் எதிர்ப்பது என்று அவருடைய வேலை விரிந்துகொண்டே போனது. தஞ்சுங் புத்திங் 1982இல் தேசியப் பூங்கா ஆனது. 1986இல் அவர் ஒராங்ஊத்தான்களுக்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வேகமாகக் கடந்துபோகும் பகுதிதான் உங்களுக்கு முக்கியமானது. அவருடைய மூத்த மகன் பிந்தி 1976இல் பிறந்து, மீட்கப்பட்ட குட்டிகளோடு விளையாடி, அவற்றின் முகபாவங்களையும் சைகைகளையும் பழகிக்கொண்டே முகாமில் வளர்ந்தான். அவன் வயதுப் பிள்ளைகளின் துணை அவனுக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை. 1979இல் கணவர் அந்தக் காட்டு வாழ்க்கையை விட்டுப் புறப்பட்டார். சில காலத்தில் மகனும் வட அமெரிக்காவில் தந்தையிடம் போய்ச் சேர்ந்தான். கால்டிகாஸ் பிறகு அங்குள்ள தயாக் பழங்குடி இனத்தைச் சேர்ந்த ஒருவரை மணந்து, போர்னியோவையே ஊராக்கிக்கொண்டு, மேலும் இரு குழந்தைகளைப் பெற்றார். காட்டுக்காக அவர் செய்தவற்றின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் அதற்கு அவர் கொடுத்த விலையை நீங்களும் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் காடு பொள்ளாச்சியிலிருந்து ஒரு பகல் பயணத்துக்குள் இருக்கிறது. அவருக்குக் கிடைக்காத வசதி அது.

மாமியாரின் கேள்வியைத் தடையாக மட்டும் கொள்ளாதீர்கள். ஜேன் குட்டால் 1960இல் சிம்பன்சிகளை ஆராய ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டுக்குச் சென்றபோது, தனியாக ஓர் இளம்பெண்ணை அனுப்ப அன்றைய பிரிட்டிஷ் அதிகாரிகள் உடன்படாததால், அவருடைய தாய் வான் துணைக்குப் போனார். 1967இல் பிறந்த மகனை, குரங்குக் குட்டிகளை வேட்டையாடும் சிம்பன்சிகளிடமிருந்து காக்க, குட்டால் அடைப்புக் கட்டி வளர்த்தார்; பின்னர் அவன் பாட்டியின் பொறுப்பில் இங்கிலாந்தில் பள்ளிக்குச் சென்றான். 1986க்குப் பிறகு கள ஆய்வை விட்டுவிட்டு உலகெங்கும் பேசச் சென்ற குட்டால், 2025 அக்டோபரில் 91 வயதில் ஒரு சொற்பொழிவுப் பயணத்தின் நடுவில்தான் காலமானார். இந்த நெடும்பணியின் பின்னால் ஒரு பாட்டி இருந்தார். உங்கள் வீட்டுப் பாட்டியிடம், எந்தெந்த நாள் போவீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அன்று குழந்தையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவார்கள் என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லி உதவி கேளுங்கள். அந்தப் பேச்சில் உங்கள் கணவரும் உட்கார வேண்டும். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இனி வால்பாறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தேயிலைக்காகவும் காப்பிக்காகவும் அழிக்கப்பட்ட அந்தப் பீடபூமியில், எஸ்டேட்டுகளுக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சிய சோலைகளில்தான் சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் இன்று பிழைத்திருக்கின்றன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு எஸ்டேட்டுகளோடு சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அத்துண்டுகளைச் சீராக்கி வருகிறது. அந்த வேலையில் வீரச்செயல் என்று சொல்ல எதுவும் இல்லை. வெடிப்பலா, கருங்குங்கிலியம், நாங்கு போன்ற மரங்களின் விதைகளைச் சாலையோரத்தில் பொறுக்க வேண்டும். மழைக்காட்டு விதைகளில் பல உலர்ந்தால் முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதால் தாமதமின்றி விதைக்க வேண்டும். நாற்றுகளை நிழலில் வளர்த்துத் தென்மேற்குப் பருவமழையில் நட வேண்டும். அடுத்த சில ஆண்டுகளுக்கு உண்ணிச்செடி அவற்றை மூடிவிடாமல் களையெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடும் நாளுக்கு ஆர்வத்தோடு வரும் கூட்டம் களையெடுக்கும் நாளுக்கு வருவதில்லை. குழுவை வழிநடத்தவும், வானிலை கண்டு முடிவெடுக்கவும், முதலுதவி செய்யவும் தெரிந்த ஒருவர் மாதத்தில் இரண்டு நாள் தவறாமல் வருவதாகச் சொன்னால், அது பெரிய உதவி. சிறு குழந்தையின் தாயால் கொடுக்கக்கூடிய நேரமும் அதுதான்.

மகளை அழைத்துச் செல்வது பற்றி: முதல் பருவத்தில் நடவு இடங்களுக்கு வேண்டாம். வால்பாறையில் அந்தி வேளையில் குழந்தைகளைச் சிறுத்தை தாக்கிய துயரங்கள் நடந்திருக்கின்றன. யானைகள் நடமாடும் இடம் அது. புதர்களில் இருக்கும் நுண்ணிய பூச்சிகளால் உண்ணிக்காய்ச்சலும் வரலாம். அட்டைக்கடியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, ஆனால் ஆழியாற்றிலிருந்து மேலேறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை ஒரே நாளில் இருமுறை கடப்பது ஆறு வயதுக் குழந்தைக்குப் பெரும் சிரமம். பள்ளி விடுமுறையில் ஓரிரு நாள் அங்கே தங்கி, பகலில் நாற்றுப்பண்ணையை மட்டும் காட்டுங்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அவளும் காட்டை நேசித்தாக வேண்டும் என்ற கடமை அவளுக்கு இல்லை.

நடவு ஜூன், ஜூலையில் நடக்கும் என்பதால் ஏப்ரலுக்குள் ஒருமுறை தனியாகப் போய்ப் பாருங்கள். தன்னார்வலருக்கு என்ன வேலை, வனத்துறை அனுமதி எந்தப் பகுதிகளுக்குத் தேவை, மாலை எத்தனை மணிக்கு வேலையை நிறுத்துவார்கள், அவசரத்துக்கு வாகனம் உண்டா என்ற நான்கையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, அந்தத் தாளை வைத்து வீட்டில் பேசுங்கள்.