வாசகர் கேள்வி – பதில்: இரண்டு வகுப்பறை, ஒரு கூடம்

கேள்வி: குளச்சல் அருகே கடலோர ஊர் ஒன்றின் அரசு நடுநிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கிறேன். கூடுதலாக இரண்டு வகுப்பறைகள் கட்டவுள்ளார்கள். தேவைப்படும்போது இரண்டையும் சேர்த்து ஒரே கூடமாக்க முடியுமா? ஊராரின் கருத்தை எப்போது, எப்படிக் கேட்பது?
– வாசகி, கல்குளம் வட்டம்

பதில்: வரைபடம் முடிவான பிறகு ஊரைக் கூட்டினால், சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பதைத் தவிர மக்கள் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. எனவே பொறியாளர் கோடு போடுவதற்கு முன்பே கூடுங்கள். நான்கில் மூன்று பங்கு பெற்றோரைக் கொண்ட உங்கள் குழுவுக்கே பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கொடுத்திருப்பதால், இதை யாரிடமும் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. கடலுக்குப் போகிறவர்கள் கரையில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில், திருப்பலி முடிந்ததும் கூட்டத்தை வைத்துக்கொள்ளலாம்.

தாளில் வரைந்த படம் பலருக்குப் பிடிபடாது. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளையும் தாழ்வாரத்தையும் உண்மையான அளவிலேயே கோடிட்டு, அதற்குள் பிள்ளைகளை உட்காரவையுங்கள். தாழ்வாரத்தில் எதிரெதிரே இரு வரிசையாக அவர்கள் அமர்ந்திருக்க, சத்துணவுப் பணியாளர் வாளியோடு நடுவே நடந்து பார்க்கட்டும். 5 அடித் தாழ்வாரம் போதாது, 8 அடியாவது வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். தளம் 2 அடி உயரமென்றால், 1-க்கு 12 என்ற சரிவில் சக்கர நாற்காலிப் பாதைக்கு 24 அடி நீளம் தேவை. அதையும் அன்றே கோடிட்டுவிடுங்கள்.

அறைகளைச் சேர்ப்பது தடுப்பைவிடத் தூண்களைப் பொறுத்த விஷயம். 20-க்கு 20 அடி அளவுள்ள இரண்டு அறைகளில், கூரையின் சுமை முழுவதையும் வெளி ஓரத் தூண்களும் அவற்றின்மேல் செல்லும் உத்திரங்களும் தாங்க வேண்டும். நடுச்சுவர் எதையும் தாங்கக் கூடாது. இதை எழுத்தில் உறுதிசெய்துகொண்டால், இன்று செங்கல் தடுப்பே வைத்தாலும் பின்னாளில் அச்சமின்றி எடுத்துவிடலாம். மடக்குத் தடுப்புதான் வேண்டுமென்றால், இரும்புத் தண்டவாளம் உப்புக்காற்றில் துருவேறி இறுகிவிடும் என்பதால், பித்தளைக் கீலில் தொங்கும் அயனி மரப் பலகைக் கதவுகளைக் கேளுங்கள். பலகை ஒலியை முழுமையாகத் தடுக்காது என்பதை ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கூடம் ஆண்டுக்குச் சில முறைதான் தேவைப்படும் என்று கூட்டத்தில் தெரியவந்தால், தடுப்புக்கான பணத்தை அகன்ற தாழ்வாரத்துக்குச் செலவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: தாழ்வாரத்துக்குத் தகரம் போட்டால் செலவு குறையும் என்கிறார்களே?
– அதே வாசகி

பதில்: வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் கூரைகளைப் பிய்த்தெறிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மேலும், தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்யும் ஊரில், தகரத்தில் விழும் மழை இரைச்சலுக்கு நடுவே ஆசிரியரின் குரல் பிள்ளைகளுக்குக் கேட்காது. வெளி ஓரத்தில் தூண் கொடுத்து, கூரைத் தளத்தையே தாழ்வாரத்துக்கும் நீட்டச் சொல்லுங்கள். கம்பி கட்டி முடித்ததும், கவர் பிளாக் (கம்பி காங்கிரீட்டின் வெளிப்பரப்பை ஒட்டாமல் இடைவெளி விட வைக்கும் சிறு கட்டை) சரியாக வைத்திருக்கிறார்களா என்று காங்கிரீட் போடுமுன் குழுவினர் நேரில் பார்த்துவிடுங்கள்.