வாசகர் கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கால்களைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் என்ற கருவியை அணிந்து, வாக்கரைப் பிடித்து நடப்பாள். பேச்சு சற்று இழுத்து வரும். பழகியவர்களுக்கு நன்றாகப் புரியும். எழுதுவது மிகவும் மெதுவாகத்தான் நடக்கும். வீட்டுக்குப் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். ஜூன் மாதம் நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர வேண்டும். அங்கே ஒன்பதாம் வகுப்பு மாடியில் நடக்கிறது. உறவினர்கள், "எட்டு வரை படித்தது போதாதா?" என்கிறார்கள். முதல் சில மாதங்கள் வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் நான் உட்கார அனுமதி கேட்கலாமா?
– ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: உறவினர்களுக்குச் சட்டமே பதில் சொல்லியிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடும் எட்டாம் வகுப்போடும் நின்றுவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு எனச் சான்று பெற்ற குழந்தைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அக்கம்பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதும் உங்கள் விருப்பம்.

மாடி வகுப்புக்காக லிஃப்ட் கேட்டு அலைய வேண்டாம். அவள் படிக்கப்போகும் பிரிவைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். அதற்குக் காசு செலவில்லை. மாணவரின் தேவைக்கேற்ப வசதி செய்து தருவது பள்ளியின் கடமை என்று அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகம், நூலகம், சத்துணவுக் கூடம் ஆகியவற்றுக்குப் போகும் வழியில் படி இருக்கிறதா என்பதையும் நேரில் நடந்து பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் கழிப்பறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அதுதான். வாக்கர் உள்ளே நுழையுமா, மேற்கத்திய வகைக் கழிப்பறை இருக்கிறதா, பிடித்து எழக் கைப்பிடி உண்டா, கதவை உள்ளிருந்து அவளால் தாழிட்டுத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். அதைவிட, அவளையே அழைத்துப்போய் ஒருமுறை பயன்படுத்தச் சொல்லிப் பாருங்கள். வசதி சரியில்லாத பள்ளியில் பெண் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்துவிடுவார்கள். யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். மாலையில் திரும்பி வரும் தண்ணீர் பாட்டில் நிறைந்தே இருந்தால் உங்களுக்குச் செய்தி தெரிந்துவிடும். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் அதைத் தொடர்ந்து வருபவை. மாதவிடாய் நாள்களில் யாருடைய உதவியை ஏற்பாள் என்பதை அவளிடமே கேட்டு, அந்த ஆசிரியையிடமோ உதவியாளரிடமோ முன்கூட்டியே பேசி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த வயதில் எலும்பு வளரும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காமல் இறுகும். அதனால் போன வருடம் நடந்த தூரத்தை இந்த வருடம் நடக்க முடியாமல் போகலாம். அதைச் சோம்பல் என்று எண்ணிவிட வேண்டாம். மே மாதத்துக்குள் காலிப்பருக்குப் புதிதாக அளவெடுத்துவிடுங்கள். பெரிய வளாகத்தைக் கடக்க மட்டும் சக்கர நாற்காலி பயன்படுத்தினால், மிஞ்சும் தெம்பு படிப்புக்கு ஆகும். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்பாசிரியரையும் இயன்முறை மருத்துவரையும் சந்தித்து, பயணத்துக்கும் துணையாக வருபவருக்கும் வழங்கப்படும் உதவித்தொகைக்கு அங்கேயே விண்ணப்பியுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புத் தேர்வை மனத்தில் வைத்துத் தொடங்க வேண்டும். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளைத் தலைமையாசிரியர் வழியாகக் கோரலாம். சரளமாக வாசிக்கிற பிள்ளையென்றால், மொழி விலக்கை அவசரப்பட்டுக் கேட்காதீர்கள் என்பது என் கருத்து. வேகமாக எழுத வைக்க இரண்டு வருடம் போராடுவதும் வீண். பிறர் எழுதும்படி விடையை வாயால் சொல்வதே தனியாகப் பழக வேண்டிய திறமை. கட்டுரை வினாவின் விடையை எளிதாகச் சொல்லிவிடலாம். கணக்கில் அடைப்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வேதியியல் சமன்பாட்டில் எந்த எண் மேலே, எந்த எண் கீழே என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அவள் பேச்சுக்குப் பழகாத ஒருவர்தான் தேர்வறையில் உட்காருவார் என்பதால், வீட்டில் எழுதுபவராக நீங்கள் இருக்காமல், பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது உட்கார வையுங்கள். காலாண்டுத் தேர்விலிருந்தே பள்ளியிலும் இதே முறையைக் கேட்டுப் பெறுங்கள்.

நடுநிலைப் பள்ளியில் ஓரிரு ஆசிரியர்களுக்கு அவளைத் தெரிந்திருந்தால் போதுமாக இருந்தது. இனி பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருவார். தன்னைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பை அவளே சொல்ல, நீங்கள் எழுதி, எல்லோருக்கும் கொடுங்கள். "நான் பதில் சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள், புரியாவிட்டால் மறுபடி கேளுங்கள், தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள்" என்பது போன்ற வரிகள் அவள் வாயிலிருந்தே வரட்டும். தலைமையாசிரியரைப் பார்க்கப் போகும்போதும் தரைத்தள வகுப்பை அவளே கேட்கட்டும். நேரமானாலும் நீங்கள் இடையில் புகுந்து முடித்துவைக்காதீர்கள்.

வகுப்பில் நீங்கள் உட்காருவது வேண்டாம். அம்மா பக்கத்தில் இருக்கும் பெண்ணோடு மற்ற பிள்ளைகள் பேச மாட்டார்கள்; ஆசிரியரும் கேள்வியை உங்களிடமே கேட்பார். முதல் வாரம் மட்டும் பள்ளி வளாகத்தில், அவள் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருங்கள். பையை எடுத்துக்கொடுக்கவும் நடைக்கு வழிவிடவும் வகுப்பிலேயே இரண்டு மூன்று பேர் அமைந்துவிடுவார்கள். ஒரே தோழிமீது முழுப் பொறுப்பும் விழாமல் முறைவைத்து மாற்ற வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். கேலி நடந்தால் வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு என்ற வரிசையில் எழுத்தில் கொண்டுசெல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண் இருக்கிறது.